பத்தடி ஆறு இஞ்ச் தார்ப்பாய்

தாராவி
12 மே 2025

தங்கமயில் அக்காவுக்கு,

கடைப் போனிலிருந்து யார் கூப்பிட்டாலும் நீ எடுப்பதில்லை. எடுத்தாலும் எனக்குப் பயனில்லை. போனைக் காதில் வைத்தால் எனக்கு வார்த்தை வராது என்பது உனக்குத் தெரியும். அதனால்தான் மெயில். தமிழில் அடிப்பதைப் பொறுத்துக்கொள். ஒன்பதாம் வகுப்போடு நின்றவளுக்கு இதுதான் சரளமாக வரும்.

விஷயம் கடை வெப்சைட்டைப் பற்றியது. மழைக்கு முன்னால் கூரைக்குத் தார்ப்பாய் வேண்டுகிறவர்கள் எழுதி அனுப்புவதற்கு நீ ஒரு படிவம் செய்து கொடுத்துவிட்டுப் போனாயே, அதேதான். பெயர், அளவு, போன் நம்பர், குறிப்பு என்று நான்கு கட்டம். அவர்கள் எழுதுகிறார்கள், நான் சீட்டு அச்செடுக்கிறேன், இசக்கிப்பாண்டி அண்ணன் அந்த அளவுக்கு வெட்டி வைக்கிறார். நான் யாரிடமும் ஒரு வார்த்தை பேச வேண்டியதில்லை. போன மழை முடிந்ததிலிருந்துதான் எனக்கு ஒரு வேலை பிடித்திருக்கிறது.

இந்த மாதம் பாதி ஆர்டர் வருவதில்லை. பாதி வருகிறது. எது வரும், எது வராது என்று எனக்குப் பிடிபடவே இல்லை. வாடிக்கையாளர்கள் கடைக்கு வந்து சத்தம் போடுகிறார்கள். நேற்று ஒரு அம்மா எல்லார் முன்னாலும் கேட்டார்:

"ஏ பொண்ணு, ஆர்டர் போட்டு ஒரு வாரம் ஆச்சு. உங்க வெப்சைட்ல நன்றின்னு வந்துச்சுல்ல? அந்த நன்றியவா கூரை மேல விரிக்கச் சொல்ற?"

நான் மேசைக்கு அடியில் பேனா தேடுவது போலக் குனிந்துகொண்டேன். அவர் போகும்வரை நிமிரவில்லை.

பெரியப்பா சொல்லிவிட்டார்: "ஏட்டி, இந்த வாரம் பாப்பேன். சரியாவலைன்னா அந்தக் கம்ப்யூட்டர் பொட்டியத் தூக்கிப் பரண்ல போட்டுருவேன். நீ கல்லாவுக்கு முன்னால நின்னு வாயால கேட்டு எழுது. ஊருல எல்லாவனும் அப்படித்தான கடை நடத்துதான்?"

வாயால் கேட்டு எழுத வேண்டுமாம். வகுப்பில் எழுந்து நின்று சத்தமாக வாசிக்கச் சொன்னார்கள் என்பதற்காகப் பள்ளிக்கூடத்தையே விட்டவள் நான். தாராவி முழுவதும் மழைக்கு முன்னால் இந்தக் கடைக்குத்தான் வரும். ஒரே நேரத்தில் பத்து பேர் கத்துவார்கள். என்னால் முடியாது அக்கா.

எங்கே தப்பு என்று மட்டும் சொல். வேறு எதுவும் கேட்கவில்லை.

மாரீஸ்வரி

---

மான்குர்த்
14 மே 2025

மாரி,

உன் மெயிலை நான் ஒண்டியிருக்கும் அத்தை வீட்டில் உட்கார்ந்து படித்து முடிப்பதற்குள் எனக்கு ஆபீஸ் ரயில் போய்விட்டது. பரவாயில்லை.

அந்த வெப்சைட்டில் தப்பு எதுவும் இல்லை. இப்போது நானே போய் 10 x 12 என்று ஒரு ஆர்டர் போட்டேன். பதிவாகிறது. உன் கணினியில் பார், என் பெயரில் ஒன்று வந்திருக்கும்.

இரண்டாவது விஷயம். அந்த வெப்சைட்டைச் செய்தது நான் இல்லை. பொங்கல் சமயத்தில் மாட்டுங்காவிலிருந்து வந்த கடைக்காரர், "நல்லா இருக்கே, யார் பண்ணிக் குடுத்தா?" என்று கேட்டபோது உன் பெரியப்பா, என்னைப் பெற்ற அப்பா, என்ன சொன்னார்? "ஒரு கம்பெனிக்காரன் செஞ்சான்" என்றார். நான் பக்கத்தில் டீத் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அதனால் அந்தக் கம்பெனிக்காரனைக் கூப்பிட்டுக் கேளுங்கள். நான் செம்பூரில் வேறு கம்பெனியில் வேலை செய்கிறேன்.

அப்பா என்னைக் கேட்கட்டும், வந்து பார்க்கிறேன். அவர் வாயைத் திறந்து கேட்க வேண்டும். உன்னை மெயில் அனுப்பச் சொல்லித் தப்பிக்கக் கூடாது.

உனக்காக ஒன்று மட்டும் சொல்கிறேன். ஏதாவது பதிவாகாமல் போனால், ஏன் போனது என்று சர்வரில் 'எரர்' என்ற பெயருள்ள ஃபைலில் ஒரு வரி எழுதிவைக்கும்படி செய்திருக்கிறேன். அதைத் திறந்து பார். கடை விஷயமாக இனிமேல் எனக்கு எழுதாதே.

தங்கமயில்

---

தாராவி
16 மே 2025

அக்கா,

எழுதாதே என்றாய். எழுதுகிறேன். ஏனென்றால் கண்டுபிடித்துவிட்டேன்!

தப்பு பண்ணுவது அடிக்குறி. மற்ற மாதங்களில் ஆர்டர் போடும் வெளி வியாபாரிகள் 10 x 12 என்று வெறும் எண்ணாக எழுதுவார்கள்; மழைக்காகக் கூரையை அளக்கும் தாராவிக்காரர்கள் அப்படி எழுதுவதில்லை அக்கா. கொத்தனாரிலிருந்து கண்ணாடிக் கடைக்காரர் வரை எண்ணுக்குத் தலைமேல் ஒரு சின்னக் கோடு போட்டு 10'x12' என்றுதான் எழுதுவார்கள். ஒரு கோடு என்றால் அடி, இரண்டு கோடு என்றால் இஞ்ச். நீ ஆபீஸ்காரி மாதிரி கோடு இல்லாமல் எழுதிப் பார்த்தாய், அதனால் பதிவானது.

அந்த எரர் ஃபைலைத் திறந்தேன். எல்லா வரியும் ஒரே இடத்தில்தான் முறிந்திருக்கிறது, முதல் கோட்டுக்குப் பக்கத்தில். நீ டேட்டாபேஸுக்கு எழுதியிருக்கும் கட்டளையில், வாடிக்கையாளர் சொன்ன அளவை இரண்டு பக்கமும் அதே சின்னக் கோடு போட்டு அடைத்திருக்கிறாய். அவர்களுடைய அடிக்குறி வந்ததும், பேச்சு முடிந்துவிட்டது என்று டேட்டாபேஸ் நினைத்துக்கொள்கிறது. மிச்சம் இருப்பது அதற்குப் புரிவதில்லை. ஆர்டரையே தூக்கிப் போட்டுவிடுகிறது.

இன்னொன்று. ஆர்டர் பதிவானாலும் பதிவாகாவிட்டாலும் 'நன்றி' என்று காட்டும்படி எழுதியிருக்கிறாய். அதற்கு நான் திட்டு வாங்கினேன்.

சரி போகட்டும். நீ எழுதும்போது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த தைரியத்தில் நானே சரிசெய்துவிட்டேன். அளவுக் கட்டத்தில் வரும் எல்லாக் கோடுகளையும் முதலிலேயே அழித்துவிடும்படி ஒரு வரி சேர்த்தேன். 10'x12' என்று எழுதினால் 10x12 என்று உள்ளே போகிறது. இரண்டு நாளாக ஒரு ஆர்டரும் தப்பவில்லை. பெரியப்பா ஒன்றும் சொல்லவில்லை. ஒன்றும் சொல்லாமல் இருந்தால் சந்தோஷம் என்று அர்த்தம்.

மாரீஸ்வரி

---

செம்பூர், ஆபீஸிலிருந்து
17 மே 2025

மாரி,

அழிக்காதே. வாடிக்கையாளர் எழுதியதில் கை வைக்காதே. அந்த வரியை உடனே எடு.

இதற்கு 'பிரிப்பேர்டு ஸ்டேட்மென்ட்' என்று ஒரு முறை இருக்கிறது. தேடிப் படி. எனக்கு மீட்டிங்.

த.

---

தாராவி
22 மே 2025

அக்கா,

நீ சொன்னதைக் கேட்டிருக்கலாம். ஆனால் நீயும் கொஞ்சம் விளக்கிச் சொல்லியிருக்கலாம். இரண்டு வரி எழுதிவிட்டு மீட்டிங் என்று போனால் எனக்கு என்ன புரியும்? வேலை நடந்துகொண்டிருந்தது, அந்த வரியை அப்படியே விட்டுவிட்டேன்.

நாகூர் கனி பாயைத் தெரியும் அல்லவா? தோல் பைப் பட்டறை வைத்திருக்கிறாரே, அவர்தான். பட்டறைக் கூரைக்கு ஆர்டர் போட்டார். நல்ல மனிதர், பொறுமையாக அளந்து, சரியாக எழுதியிருக்கிறார்: 10'6"x14'. பத்தடி ஆறு இஞ்ச், பதினாலு அடி.

நான் சேர்த்த வரி கோடுகளை எல்லாம் அழித்தது. பத்தும் ஆறும் ஒட்டிக்கொண்டன. சீட்டில் 106x14 என்று வந்தது.

இசக்கிப்பாண்டி அண்ணன் நூற்றாறு அடிக்கு வெட்டிவிட்டார். இருந்த ரோல் முழுவதும் போதாமல், இன்னொன்றை எடுத்துச் சூடு வைத்து ஒட்டியிருக்கிறார். முந்தாநாள் பாய் எடுத்துப் போக வந்தபோது, கைவண்டியில் மடித்துவைத்திருந்ததைப் பார்த்துவிட்டு வாசலிலேயே நின்றுவிட்டார்.

"என்ன பாண்டி இது? பட்டறைக்குக் கேட்டேன்யா. தாராவிய முழுசா மூடச் சொன்னனா?"

"சீட்டுல நூத்தாறுன்னு இருந்துச்சு பாய். ஏதோ கல்யாணப் பந்தலுக்குன்னு நெனச்சிட்டேன்."

"என் பட்டறையில ரெண்டு மிஷினு, மூணு ஆளு. பந்தலு எங்கிட்டுப் போடுவேன்?"

எல்லாரும் சிரித்தார்கள். பெரியப்பா சிரிக்கவில்லை. சீட்டை வாங்கிப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "இத எவ எழுதினா?" என்று கேட்டார். பாயே பாவப்பட்டு, "விடுங்க அண்ணாச்சி, சின்னப் பிள்ள" என்றார். அதற்கும் சேர்த்து எனக்குக் கோபம் வந்தது.

வெப்சைட்டை மூடச் சொல்லிவிட்டார். மூடிவிட்டேன். நேற்றிலிருந்து கல்லாவுக்கு முன்னால் நிற்கிறேன். ஒரு ஆள் வந்து, "தாட்பத்ரி சாஹியே, நீலக் கலரு, ஜல்தி" என்று, தார்ப்பாய் சீக்கிரம் வேண்டுமென்று இந்தி கலந்து கேட்டு, ஏதோ அளவு சொன்னார். எத்தனை அடி என்று மறுபடி கேட்க வேண்டும். கேட்க முடியவில்லை. அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "இந்தப் பொண்ணுக்குக் காது கேக்காதா?" என்று பெரியப்பாவிடம் கேட்டார்.

மழை வேறு இந்த வருஷம் சீக்கிரம் வரும்போல இருக்கிறது. மேகம் இப்போதே சயான் பக்கம் கறுத்துக்கொண்டு நிற்கிறது.

உனக்குச் சந்தோஷமாக இருக்கும் என்றால் இருந்துகொள்.

மாரீஸ்வரி

---

மான்குர்த்
23 மே 2025

மாரி,

எனக்கு எதற்குச் சந்தோஷம்? நூற்றாறு அடி என்று படித்ததும் சிரித்தேன், உண்மைதான். விஜயராணி அத்தையும் சிரித்தாள். அதோடு சரி.

கேள். விளக்கமாகச் சொல்கிறேன், பிறகு எனக்கு விளக்கவில்லை என்று சொல்லாதே.

நான் எழுதியது மட்டமான முறை. கட்டளையையும் வாடிக்கையாளர் சொன்னதையும் ஒரே வாக்கியமாக ஒட்டி டேட்டாபேஸுக்கு அனுப்பினேன். எது கட்டளை, எது அளவு என்று அதற்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. செம்பூர் ஆபீஸில் சேர்ந்த முதல் வாரமே இப்படி எழுதிக் கொடுத்தேன். டீம் லீடர் எல்லார் முன்னாலும் திரையில் போட்டுக் காட்டி, "இப்படி எழுதினால் வாசல் கதவைத் திறந்துவைத்துவிட்டுத் தூங்குவது மாதிரி" என்றார். இருபது பேர் பார்த்தார்கள். கடை வெப்சைட்டும் அப்படித்தான் இருக்கிறது என்று அன்றைக்கே எனக்கு ஞாபகம் வந்தது. வந்து சரிசெய்யவில்லை. உன் பெரியப்பா மேல் இருந்த கோபம். போதுமா?

சரியான முறை இது. கட்டளையை மட்டும் முதலில் அனுப்ப வேண்டும். பெயர், அளவு, நம்பர், குறிப்பு வர வேண்டிய இடத்தில் வெறும் கேள்விக்குறி. 'இந்த அட்டவணையில் ஒரு புது வரி சேர், அதில் ?, ?, ?, ? இருக்கும்' என்கிற மாதிரி. டேட்டாபேஸ் அதைப் படித்து, என்ன செய்ய வேண்டும் என்று முடிவு பண்ணிவிடும். பிறகுதான் அந்த நான்கு விஷயங்களையும் தனியாகக் கொடுப்பாய். அதற்கப்புறம் அவற்றுக்குள் கோடு இருந்தாலும், வசை இருந்தாலும், ஒரு முழுக் கட்டளையே இருந்தாலும் டேட்டாபேஸ் அதைக் கட்டளையாகப் படிக்காது. வந்ததை வந்தபடியே எடுத்துவைத்துக்கொள்ளும். அவ்வளவுதான். எதையும் அழிக்க வேண்டியதில்லை.

நீ பயப்பட வேண்டியது இன்னொரு பக்கத்தைப் பற்றி. ஆர்டரைத் திருத்தும் பக்கம். ஒருவர் 10' என்று எழுதி, பக்கத்தில் இரண்டு சிறு கிடைக்கோடு போட்டு, ஒரு இடம் விட்டு, 'பரண் உண்டு' என்று எழுதினால் என்ன ஆகும் தெரியுமா? அந்த இரண்டு கிடைக்கோட்டுக்குப் பிறகு வருவதை டேட்டாபேஸ் படிக்கவே படிக்காது. யாருடைய ஆர்டரைத் திருத்த வேண்டும் என்ற பகுதி அங்கேதான் இருக்கிறது. அது போய்விட்டால் எல்லாருடைய அளவும் பத்து ஆகிவிடும். ஒருவர் தெரியாமல் செய்தாலே இப்படி. தெரிந்து செய்தால்?

நான் வந்து எழுதித் தர மாட்டேன். அப்பா கேட்கட்டும்.

தங்கமயில்

---

தாராவி
25 மே 2025

அக்கா,

அப்பா கேட்கட்டும், அப்பா கேட்கட்டும். அவரும் இதையேதான் சொல்கிறார். "அவளா வரட்டும்." இரண்டு பேருக்கும் வாய் இருக்கிறது. என்னைப் போல இல்லை, நன்றாகவே பேசுவீர்கள். ஆனால் இரண்டு பேரும் வாயில்லாத என் வழியாகத்தான் சண்டை போடுவீர்கள். எனக்கு அலுத்துவிட்டது.

கம்பெனிக்காரன் விஷயத்தையும் பெரியம்மாவை விட்டுப் பெரியப்பாவிடம் கேட்கச் சொன்னேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "எம் மவ செஞ்சதுன்னு சொன்னா, பிள்ளைய வச்சி விளையாடுதான்னு எவனும் நம்பி ஆர்டர் போடமாட்டான். வியாபாரத்துக்கு ஆயிரம் சொல்லுவேன். இதுக்காவ வீட்ட விட்டுப் போவாளா ஒருத்தி?" இது சரி என்று நான் சொல்லவில்லை. கேட்டதை எழுதினேன்.

அந்தப் பிரிப்பேர்டு ஸ்டேட்மென்ட்டை நானே எழுதிவிட்டேன். பகலெல்லாம் கல்லாவில் நின்றுவிட்டு, சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்து எழுதினேன். கேள்விக்குறி நான்கு வைத்தேன். நான்கும் எழுத்து வகை என்று சொல்ல நான்கு 'எஸ்' போட வேண்டும். நான் மூன்று போட்டுவிட்டு, கணக்கு ஒத்துவரவில்லை என்று அது திட்டத் திட்ட, எங்கே என்று தெரியாமல் ஒரு மத்தியானம் முழுவதும் போய்விட்டது. திருத்தும் பக்கத்தையும் அதே போல மாற்றிவிட்டேன். கோடு அழிக்கும் வரியை எடுத்துவிட்டேன். உள்ளே போகாவிட்டால் 'நன்றி' வராது. 'பதிவாகவில்லை, கடைக்கு வாருங்கள்' என்று வரும்.

மற்றவர்களுக்கு வெப்சைட் இன்னும் மூடித்தான் இருக்கிறது. உனக்கு மட்டும் தனியாக ஒரு முகவரி தருகிறேன். போய் உடைத்துப் பார். கெடுப்பதில் உன்னைவிடக் கெட்டிக்காரி கிடையாது. நீ உடைக்க முடியாவிட்டால், பெரியப்பாவிடம் திறக்கச் சொல்லிக் கேட்பேன். பெரியம்மாவை விட்டுத்தான் கேட்பேன், ஆனால் கேட்பேன்.

இதற்குள் இன்னொரு வேதனை. பதிவாகாமல் போன பழைய ஆர்டர்கள் இருக்கின்றன அல்லவா? எரர் ஃபைலில் அவற்றின் பின்பாதி மட்டும் கிடக்கிறது. முறிந்த இடத்திலிருந்துதான் அதில் எழுதியிருக்கிறது. அதனால் x18' என்று அளவின் பின்பாதியும் போன் நம்பரும் இருக்கிறது. பெயர் இல்லை. முன்பாதி அளவு இல்லை. பெரியப்பா பார்த்துவிட்டு, "நம்பர் இருக்குல்லா? மழை வருமுன்ன ஒவ்வொருத்தருக்கா அடிச்சுக் கேளு" என்கிறார். நான் போனில் பேச வேண்டுமாம்.

மாரீஸ்வரி

---

மான்குர்த்
27 மே 2025

மாரி,

நேற்றைய மழையில் ஹார்பர் லைன் ரயில் நின்றுவிட்டது. ஆபீஸ் போகவில்லை. நாள் முழுவதும் உன் படிவத்தை உடைப்பதுதான் வேலையாக இருந்தது.

அடிக்குறி, இஞ்ச் குறி, இரண்டும் சேர்த்து, பின்னால் கிடைக்கோடு, அரைப்புள்ளி என்று எல்லாம் போட்டுப் பார்த்தேன். அளவுக் கட்டத்தில் அத்தையின் மீன் குழம்பைப் பற்றி ஒரு பத்தி எழுதினேன். அதிலேயே பெயர்க் கட்டத்தில், எல்லா ஆர்டர்களையும் 'டெலீட்' பண்ணச் சொல்லும் முழுக் கட்டளையை எழுதினேன். எதுவும் அழியவில்லை. அந்தக் கட்டளையைப் பெயராகக் கொண்ட ஒரு வாடிக்கையாளர் உங்கள் அட்டவணையில் மரியாதையாக உட்கார்ந்திருப்பார், போய்ப் பார். திருத்தும் பக்கத்தில் 'பரண் உண்டு' விளையாட்டையும் விளையாடினேன். என் ஆர்டர் மட்டும்தான் மாறியது.

உடைக்க முடியவில்லை. எனக்கு எரிச்சலாக இருக்கிறது. நல்ல மாதிரி எரிச்சல்.

கடைசியாக ஒன்று போட்டிருக்கிறேன், அது சோதனை இல்லை. அழித்துவிடாதே. அத்தை வீட்டில் சமையல் மூலையில் ஒழுகுகிறது. அடுப்புக்கு மேல் குடை கட்டிச் சமைக்கிறாள். நானே ஸ்டூல் மேல் ஏறி அளந்து 11'6"x9' என்று எழுதியிருக்கிறேன். குறிப்பையும் அச்செடு. எழுதியது எழுதியபடியே வர வேண்டும்.

தங்கமயில்

---

தாராவி
30 மே 2025

அக்கா,

உன் சோதனைச் சீட்டுகளைத் தெரியாமல் நான் அச்செடுத்துவிட்டேன். இசக்கிப்பாண்டி அண்ணன் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு வந்தார். "மாரி, இவன் யாரு டெலீட்டு? எந்த ஊர்க்காரன்? அளவுல மீன் குழம்புன்னு எழுதியிருக்கான். எத்தன அடிக்கு வெட்ட?" நான் சிரித்துவிட்டேன். கடையில் நான் சிரித்து அவர் பார்த்ததில்லையாம்.

உன் உண்மையான ஆர்டர் அதற்கு அடுத்துத்தான் வந்தது. அவர் வழக்கம்போலச் சத்தமாக வாசித்தார். "தங்கமயில், மான்குர்த். பதினொண்ணு அடி ஆறு இஞ்ச், ஒம்பது அடி. குறிப்பு: கட்டுறதுக்கு ஆள் அனுப்பவும். கம்பெனி ஆள் வேண்டாம். முதலாளி வந்தால் நல்லது. வர முடியாவிட்டால் ஏன் என்று அவரே சொல்லவும்."

பெரியப்பா கல்லாவில் உட்கார்ந்திருந்தார். கையை நீட்டிச் சீட்டை வாங்கினார். வாசித்தார். திருப்பி, பின்பக்கம் ஏதாவது இருக்கிறதா என்று பார்த்தார். "இவளுக்கு ஒரு போன் அடிக்கத் தெரியாதா? தாட்பத்ரி ஆர்டர்லயா அப்பனக் கூப்பிடுவா?" என்றார்.

நான் போன் அடித்த கதையையும் கேள். அதற்குமேல் என்னால் தள்ளிப்போட முடியவில்லை, மழை கொட்டிக்கொண்டிருந்தது. முதல் நம்பரில் ஒருவர் எடுத்தார். "ஹலோ... தார்ப்பாய்க் கடையில இருந்து..." என்றேன். "கோன்?" என்று இந்தியில் யாரென்று கேட்டார். நான் வைத்துவிட்டேன். இரண்டாவதில் ஒரு அம்மா.

"நீங்க பதினெட்டு அடின்னு போட்டிருந்தீங்க. முன்னாடி எத்தன அடின்னு..."

"யாரு பேருக்குப் போட்டது?"

"பேரு தெரியாது."

"பேரு தெரியாது, நம்பரு மட்டும் தெரியுமாக்கும்? அடுத்து ஓடிபி கேப்ப. உங்கள மாதிரி ஆளுங்களாலதான் எங்க மச்சினர் பேங்குல இருந்ததெல்லாம் போச்சு. இந்த நம்பர அப்படியே போலீஸ்ல குடுக்கப் போறேன்."

"இல்லம்மா, தார்ப்பாய்..."

"என்ன தார்ப்பாய்? குரலே நடுங்குது. புதுசா சேந்திருக்கியா? எத்தன பேர ஏமாத்துன இன்னைக்கு?"

வெளியே மழை. கல்லாவுக்கு முன்னால் ஆட்கள். எனக்கு என்ன ஆனதென்றே தெரியவில்லை அக்கா. கத்திவிட்டேன்.

"ஓடிபி எவளுக்கு வேணும்? உங்க கூரை ஒழுகுதா இல்லையா? ஒழுகுதுன்னா எத்தன அடின்னு சொல்லுங்க, இல்லன்னா நனைஞ்சுகிட்டே கெடங்க!"

கடையே திரும்பிப் பார்த்தது. கட்டிங் மேசையில் கத்தி நின்றுவிட்டது. பிறகு அந்த அம்மா, "பன்னெண்டு" என்றார். "பன்னெண்டுக்குப் பதினெட்டு. நீலக் கலரு."

மற்றவர்களுக்கும் அடித்து முடித்துவிட்டேன். பாதிப் பேரிடம் அப்படித்தான் பேச வேண்டியிருந்தது. ஓடிபி என்ற சொல்லைக் கேட்டாலே இப்போது எனக்கு எரிகிறது.

பெரியப்பா இன்று காலை உன் தார்ப்பாயை டெம்போவில் ஏற்றச் சொன்னார். யார் போகிறார்கள் என்று நான் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை கடை அரை நாள். வெப்சைட்டைத் திறப்பாரா என்று பெரியம்மாவை விட்டுக் கேட்டேன். "யோசிக்கேன்" என்றாராம். நான் இன்னும் கல்லாவில்தான் நிற்கிறேன்.

மாரீஸ்வரி

---

மான்குர்த்
1 ஜூன் 2025

மாரி,

வந்தார். கதவைத் தட்டவில்லை. நேராகக் கூரைக்கு ஏணி போட்டு ஏறிவிட்டார். தலைக்கு மேல் சத்தம் கேட்டு அத்தை திருடன் என்று கத்தினாள்.

நான் மேலே போனேன். முதல் பேச்சு என்ன தெரியுமா? "எவ அளந்தா இத? ஒம்பதுக்கு ரெண்டு இஞ்ச் கூட வேணும். ஓரம் முட்டவே இல்ல." நாலரை மாதத்துக்குப் பிறகு இதுதான். நான் எழுதியதை உன் படிவம் ஒரு எழுத்து மாறாமல் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறது, தப்போடு சேர்த்து. அதற்கு உன்னைக் குறை சொல்லவும் முடியவில்லை.

"ஸ்டூல்ல ஏறி அளந்தேன்" என்றேன். "ஸ்டூல்ல ஏறி அளந்தா இப்படித்தான் வரும்" என்றார். பழைய துண்டு ஒன்று கொண்டுவந்திருந்தார். நீலமே இல்லை, கறுப்பு. அதை ஓரத்தில் சேர்த்துக் கட்டினார். நான் கயிற்றைப் பிடித்தேன். "இழு" என்றார். இழுத்தேன். "இம்புட்டு இழுக்காத" என்றார். இப்படியே ஒரு மணி நேரம்.

கம்பெனிக்காரனைப் பற்றி அவர் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. இறங்கி வந்து டீ குடிக்கும்போது மட்டும், "அந்தக் கேள்விக்குறி போடுத வேலைய அவளுக்கு நீதான் சொல்லிக் குடுத்தியா?" என்று கேட்டார். எழுதியது முழுக்க மாரி என்றேன். தலையை ஆட்டிக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் கடைப் பக்கம் வந்து போகச் சொன்னார். "வரணும்னு ஒண்ணும் இல்ல" என்றும் சொன்னார். வரப் பார்க்கிறேன்.

நாளையிலிருந்து படிவத்தைத் திறந்துகொள்ளலாம் என்று உன்னிடம் சொல்லச் சொன்னார். நீங்களே சொல்லலாமே என்றேன், காதில் வாங்கவில்லை. கல்லாவில் இன்னும் உன்னைத்தான் நிறுத்துவாரா என்று கேட்டேன். அவர் சொன்னதை உன் வழக்கப்படி அப்படியே எழுதுகிறேன்:

"அந்தப் பிள்ளையவா? நல்லா கேட்ட போ! போன்ல அன்னைக்கு ஒரு பொம்பளைய அதட்டின அதட்டுல, வாசல்ல நின்ன ரெண்டு பேரு ஆர்டரே குடுக்காமப் போயிட்டானுவ. அவள முன்னால நிறுத்தினா மழை முடியறதுக்குள்ள கடைய மூட வேண்டியதுதான். அவ உள்ள உக்காந்து டைப் அடிக்கட்டும். கல்லாவ நான் பாத்துக்கிடுதேன்."

தங்கமயில்